வாயிற்காவலன் கட்சி

என் மகள் தலையணை தலையணையாக மாயாஜால நாவல்கள் படிக்கிறாள். சாப்பிடும்போது கதையும் சொல்லுவாள். கதாநாயகனின் பெயர் எனக்கு இரண்டு நாள்கூட மனதில் நிற்பதில்லை. அவன் எப்படியும் ஜெயித்துவிடப் போகிறான், அவனுக்காக நான் ஏன் கவலைப்பட வேண்டும்? காலையில் காட்டிக்கொடுத்துவிட்டு மாலையில் காப்பாற்ற ஓடிவருகிற ஒருத்தன் எல்லாக் கதையிலும் ஓரமாக இருப்பான் இல்லையா, அவன் என்ன ஆனான் என்றுதான் கேட்பேன். உனக்கு ஏம்மா எப்பவும் அந்த மாதிரி ஆட்களையே பிடிக்கிறது என்று போன வாரம் அலுத்துக்கொண்டாள். அவள் தட்டில் சாம்பாரை ஊற்றினேன். பதில் சொல்வதென்றால் ஒரு நெல் குவியலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். அந்த வருஷம் குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். நான் ஏழாம் வகுப்பு, காலாண்டு விடுமுறை. அப்பாவுக்கு இன்னொரு வயலில் அறுப்பு மிஷின் இறங்க வேண்டியிருந்ததால், குவியலுக்குக் காவலாக அம்மாவின் தம்பியை உட்காரவைத்தார். அந்த மாமாவின் மேல் அப்பாவுக்கு அரைக்கால் நம்பிக்கை கிடையாது. துபாய்க்குப் போய் ஆறே மாதத்தில் திரும்பி வந்தவர். வாயைத் திறந்தால் பாதி புளுகு. அங்கே ஓர் ஒட்டகத்துக்குத் தமிழ் கற்றுக்கொடுத்ததாக என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார், நானும் ரொம்ப நாள் நம்பியிருக்கிறேன். "இந்த ஒரு வேலையையாவது முழுசா முடிச்சுக் காட்டு, பாப்போம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் அப்பா வண்டியைக் கிளப்பினார். மாமா சிரித்தார். காது மடல் மட்டும் சிவந்துவிட்டது.

மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற நான் சாயங்காலம்வரை அங்கேயே இருந்துவிடுவேன். கையில் நூலகத்துப் புத்தகம் ஒன்று. ஏழு கதவு வைத்த கோட்டை, உள்ளே இளவரசியை அடைத்துவைத்த சூனியக்காரி, மீட்க வரும் இளவரசன். ஏழாவது கதவுக்கு ஒரு வாயிற்காவலன். அவனுடைய நிழலைச் சூனியக்காரி குடுவையில் பிடித்து வைத்திருந்தாள். சொன்னபடி கேட்டால்தான் நிழல் திரும்பக் கிடைக்கும். அதற்காக அவன் இளவரசனின் நண்பர்களை ஒவ்வொருவராகக் காட்டிக்கொடுத்தான். பிறகு சிறையிலிருந்த அவர்களுக்கே ஒளித்து ஒளித்துத் தண்ணீர் கொண்டுபோனான்.

மாமா சத்தமாகப் படிக்கச் சொன்னார். முதல் நாள் அவர் மட்டும்தான் கேட்டார். மூன்றாம் நாள் மூட்டை தூக்குகிற அண்ணன்கள், பக்கத்துக் குவியல்காரர்கள் என்று எட்டுப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மூன்று தலை நாகத்தோடு இளவரசன் போடும் சண்டையை நான் மூச்சு வாங்க வாசித்தால் கொட்டாவி விடுவார்கள். வாயிற்காவலன் வந்தால் போதும், பீடியை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

எங்களுக்கு முந்தின முறை ஓர் அக்காவுடையது. ஆற்றுக்கு அந்தக் கரையில் வீடு. அவருடைய அப்பா அம்மா காலமெல்லாம் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். இவர்தான் முதன்முதலாகக் குத்தகைக்கு நிலம் பிடித்து விளைவித்திருந்தார். அவருடைய மொத்த வெள்ளாமையும் அந்த ஒரு குவியல்தான். நெல்லை வெயிலில் பரப்பி, காலால் கிளறிவிட்டுக்கொண்டே கதை கேட்பார். ஒருவர் வாயிற்காவலனைத் துரோகி என்று திட்டியபோது அவர்தான் கிளறுவதை நிறுத்தினார்.

"இளவரசன் நல்லவனா இருக்கறதுக்கு என்னங்க? அவனுக்கு அரண்மனையிலேருந்து சோறு வருது. இவனுக்கு ரெண்டு பக்கமும் பயம். அந்தப் பயத்தோட ஒருத்தன் தண்ணி கொண்டுபோய்க் குடுக்குறான் பாருங்க, அதுதான் பெருசு."

திட்டியவரே மேலே படிக்கச் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் வாயிற்காவலன் கட்சி.

நான்காம் நாள் காலையில், பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது என்று அக்காவுக்கு வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. போனால் மதியம் முறை தவறிவிடும், போகாமல் இருக்கவும் முடியவில்லை. தவித்துக்கொண்டு நின்றார். மாமா எழுந்து நிலையத்துக்குள் போய்விட்டு வந்தார். "சாக்கு தீர்ந்துபோச்சாம்க்கா. இனிமே நாளைக்குத்தான் எடையாம். நீங்க பிள்ளையப் பாத்துட்டு வாங்க, நெல்லை நான் பாத்துக்கறேன்."

சற்று முன் தண்ணீர் குடிக்கப் போனபோது உள்ளே கட்டுக்கட்டாகச் சாக்கு அடுக்கியிருந்ததை நான் பார்த்திருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பி, "அப்படியா பாப்பா?" என்றார். நான் தலையாட்டினேன். எங்கள் நெல் இன்றைக்கே போய்விட்டால் அப்பா மாமாவைத் திட்டமாட்டார் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடியது.

மதியம் அக்காவைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார், எங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாமா பவ்யமாகச் சொன்னார். மூன்று மணிக்குள் எங்கள் நெல் மூட்டையாகி உள்ளே போய்விட்டது. மாமா அப்பாவுக்கு ஃபோன் போட்டு, "முடிச்சாச்சு அத்தான்" என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு பூரிப்பு. பாவம், அவர் முழுதாக முடித்த முதல் வேலையே அதுவாகத்தான் இருக்கும்.

அரை மணிகூட ஆகவில்லை, கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. அக்காவின் நெல் பரப்பினது பரப்பினபடி கிடந்தது. மாமாவின் முகம் செத்துவிட்டது. நெல் தள்ளுகிற பலகையை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். மற்றவர்கள் அவரவர் குவியலை மூட ஓட, இவர் தனியாளாக அவ்வளவு நெல்லையும் இழுத்துக் குவித்தார். நான் கையால் அள்ளினேன். அக்காவின் தார்ப்பாயில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். அதன் மேல் எங்களுடையதையும் போர்த்தினார். மழை பிடித்துக்கொண்டது. காற்று தார்ப்பாயைத் தூக்கியடித்ததும், என்னை உள்ளே போகச் சொல்லி அதட்டிவிட்டு, கையையும் காலையும் விரித்து அதன் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா ஓடிவந்தபோதும் அப்படியேதான் கிடந்தார். அக்கா எங்கள் குவியல் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். மாமா எழுந்து உட்கார்ந்து, பல் கிட்டிக்க, திடீரென்று சாக்கு லாரி வந்துவிட்டது என்றும் அக்காவைக் காணாததால் எங்கள் நெல்லை எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். அக்கா, "முதல்ல தலையைத் துவட்டுங்க தம்பி" என்றார்.

அடி நெல்லும் ஓரங்களும் நனைந்துபோயிருந்தன. முக்கால்வாசி பிழைத்தது. மறுபடி காயவைத்து எடை போட இன்னும் மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் மாமா காய்ச்சலோடு வந்து அக்காவின் நெல்லைக் கிளறினார். நான் அவரோடு பேசவில்லை. புத்தகத்தையும் மூடிவிட்டேன். மூட்டை தூக்குகிற அண்ணன்கள் அவன் நிழல் கிடைத்ததா இல்லையா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். வாயிற்காவலனுக்காக அழுதவளுக்கு மாமாவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கதையில் அவன் காட்டிக்கொடுத்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்தவர்கள் இல்லை. அக்கா எனக்குத் தெரிந்தவர். தன் டப்பாவிலிருந்து எனக்கு எலுமிச்சை சாதம் கொடுத்தவர்.

அவருடைய கடைசி மூட்டை உள்ளே போனதும் நான் அவரிடம் போய், சாக்கு தீரவே இல்லை, மாமா சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். நான் தலையாட்டியதை மட்டும் சொல்லவில்லை. சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"லாரி வரலைன்னு அன்னிக்கே தெரியும் பாப்பா" என்றார். "இங்க வர்றதுக்கு இருக்கறது ஒரே பாலம். அது எங்க வீட்டு வாசல்லதான் ஏறுது, அன்னிக்கு ஒரு லாரிகூட அதுல போகலை."

அப்புறம் ஏன் மாமாவோடு சண்டை போடவில்லை என்று கேட்டேன்.

"போடணும்னுதான் வந்தேன். வந்து பாத்தா என் நெல்லு மேல படுத்துக் கெடக்குறாரு. என்ன செய்யறதுன்னு தெரியல. இன்னும் எனக்குக் கோவம் போகல. ஆனா காய்ச்சலோட அவரு கிளறும்போது, போதும் உட்காருங்கன்னுதான் வாயில வருது." என் பக்கம் திரும்பினார். "நீ எதுக்குக் கதையை நிறுத்திட்டே? உனக்குக் கோவம் மாமா மேலயா, வேற யாரு மேலயாவதா?"

மாமா மேலேதான் என்றேன், சட்டென்று. அக்கா என் கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.