சொல்லிவிட்டு எழுந்து போனவள்

மூணாவது ஆஸ்பத்திரியும் என்னை வேலையை விட்டு நிறுத்தினது பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாடி. எங்க ஊர் குத்தாலத்துல பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போக மனசில்லாம வாய்க்கால் மதகுல உட்கார்ந்துட்டேன். இனி எதுக்கு இருக்கணும்னு தோணுச்சு. சபையில இதைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல, நடந்தது அதுதான்.

எனக்கு ஆட்டிசம். இருபத்தாறு வயசுல தஞ்சாவூர்ல ஒரு டாக்டரம்மா அந்தப் பேரைச் சொன்னாங்க. அதுவரைக்கும் என் பேர் திமிர் பிடிச்சவ. நர்ஸ் வேலையில மருந்து நேரம் எனக்குத் தப்பாது. ஆனா சிரிச்சுப் பேச வராது, கண்ணைப் பார்க்க வராது. கேட்டதுக்குப் பதில் சொல்லிடுவேன். அதுதான் வினை.

அந்த மூணாவது ஆஸ்பத்திரியில ஒரு பெரியவர், ஈரல்ல புத்து நோய். மகனுங்க அவர்கிட்ட மூச்சு விடல. நம்ம பக்கத்து வழக்கம் அதுதானே, ஒண்ணுமில்லப்பா, வீட்டுக்குப் போயிடலாம்னு கடைசி வரைக்கும் சொல்லுவாங்க. காலையில நான் பிரஷர் பார்க்கும்போது, "ஏம்மா, பொங்கலுக்கு இருப்பேனா?"ன்னு கேட்டார்.

"இருக்க மாட்டீங்கய்யா. அஞ்சாறு நாள்தான்னு டாக்டர் சொன்னாங்க"ன்னேன். தலையை ஆட்டினார். நான் அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள் மகனுங்க விஷயம் தெரிஞ்சு வந்து வார்டையே ரெண்டாக்கிட்டாங்க. சாயங்காலம் எனக்கு வேலை இல்ல.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னைப் படிக்க வச்சவங்க என் அம்மா. வேலை போனதும் இருபத்தோரு நாள் ஒரு வேளை சாப்பாட்டோட முழங்கால்ல நின்னாங்க. "ஆண்டவரே, இவளை மத்த பொண்ணுங்க மாதிரி ஆக்கும்." நானும் அதையேதான் கேட்டேன். கண்ணாடி முன்னாடி சிரிச்சுப் பழகினேன், பார்க்கச் சகிக்கல. இருபத்தோரு நாள் முடிஞ்சும் ஒண்ணும் மாறல. நான் ஜெபம் பண்றதையே விட்டுட்டேன்.

மாசியில ஒரு அக்கா வீடு தேடி வந்தாங்க. அந்தப் பெரியவரோட மகள். சண்டைக்கு வந்திருக்காங்கன்னு அம்மா வாசலை மறிச்சுக்கிட்டாங்க. அந்த அக்கா வேற சாதியில கல்யாணம் பண்ணினதால பன்னிரண்டு வருஷமா அவர் பேசலையாம். நான் சொன்ன அன்னைக்கு மத்தியானமே போன் போட்டு வரச் சொல்லியிருக்கார். நாலு நாள் கூடவே இருந்திருக்காங்க. பேரப்பிள்ளையைப் பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டாராம்.

அப்புறம் இன்னொண்ணும் சொன்னாங்க. நான் நகர்ந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாராம், தனியா. எனக்கு அது தெரியவே இல்ல. நான் சொன்னது கூட இல்ல, சொல்லிட்டு எழுந்து போனதுதான் தப்பு. இன்னைக்கும் உறுத்துது.

தஞ்சாவூர்ல, குணமாக்க முடியாதவங்களை வச்சுப் பார்க்கிற ஒரு இல்லத்துல அந்த அக்கா சமையல் பார்க்கிறாங்க. "அங்க வாங்க. பொய் சொல்லத் தெரியாத ஆள்தான் வேணும்"னு கூட்டிக்கிட்டுப் போனாங்க. ஒன்பது வருஷமாச்சு, அங்கதான் இருக்கேன். யாராவது கேட்டா, "முழுசா தெரியணுமா, கொஞ்சம் போதுமா?"ன்னு முதல்ல நான் கேட்பேன். சொன்னப்புறம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ஆறுதல் சொல்ல எனக்கு இன்னும் வராது. உட்கார வரும்.

போன ஐப்பசியில என் அம்மா அதே இல்லத்துக்கு நோயாளியா வந்தாங்க. "முழுசா சொல்லு"ன்னாங்க. சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாங்க, நான் நகரல. அப்புறம், "நான் கேட்டதை ஆண்டவர் கொடுக்காம விட்டாரே, அதுக்கு ஸ்தோத்திரம்"னாங்க. ஆறு நாள்ல போயிட்டாங்க.

உங்க வீட்ல என்னை மாதிரி பிள்ளை இருந்தா, மாத்தச் சொல்லி முழங்கால் தேய நிக்காதீங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் கேளுங்க, நம்பிக் கேளுங்க. கிடைக்கிற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருங்க.