ஆளுயரக் கடிகாரமும் கெங்கம்மாவின் மதியமும்

அடையாறில் மூன்று வீடுகளுக்குப் பெருக்கித் துடைக்கும் கெங்கம்மாவின் முதுகு பகலில் தரையைத் தொடுவது ஒரே ஒரு தரம்தான். மதியம் பத்ரிநாராயணன் வீட்டில், சமையலறையை ஒட்டிய நடையில் கொஞ்ச நேரம் கட்டையைச் சாய்ப்பாள். கூடத்தில் இரண்டு சோபா கிடந்தும் அவளுக்கு வெறுந்தரை. அந்த வீட்டில் யாருக்கும் அது உறுத்தியதில்லை.

அன்று தி. நகரில் பழைய மரச்சாமான் விற்கும் ஃபைசான் கடைக்கு அவளையும் காரில் கூட்டிப்போனார்கள். வீட்டுக்கு ஆளுயரக் கடிகாரம் வாங்கப் போகிறார்கள், துடைக்கப்போகிறவள் அவள்தானே!

ஃபைசான் இரண்டைக் காட்டினார். ஒன்று ஒல்லி, கூடத்தின் கிழக்கு மூலையில் அடங்கும். மற்றது பீரோ அகலம். பத்ரிநாராயணனின் மனைவி மாளவிகா அகலமானதைத்தான் தடவித் தடவிப் பார்த்தாள்.

"கூடத்துல இதுக்குத் தெற்குச் சுவர்தான் காலி. தெற்கு ஆகாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரே. நடையிலயே வச்சுடலாமே."

கெங்கம்மா நடையின் அகலத்தை மனசுக்குள் அளந்தாள். நடையில் அது நின்றால் காலை மடக்கிக்கூடப் படுக்க முடியாது. 'நான் எங்கே படுக்கறது?' என்று கேட்டால், படுக்க விட்டதே சலுகை என்பார்கள். நியாயத்துக்கு அசையாத வீடு அது, சகுனத்துக்கு அசையும்.

"அடுப்புக்கு எதுர்ல கடியாரம் நின்னா வூட்டுக்கு ஆவாதாம்மா. எங்க குப்பத்துல சொல்லிக்கினு கீறாங்க."

"உங்க குப்பத்துல கடிகாரத்துக்கெல்லாம் சாஸ்திரமா?" என்று சிரித்தார் பத்ரிநாராயணன்.

"யம்மா, என் வியாபாரத்துல மண்ணைப் போடாதே," என்றார் ஃபைசான்.

மாளவிகா சிரிக்கவில்லை. அங்கேயே ஜோசியருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டி, இரண்டு கடிகாரத்தைப் பற்றியும் சொன்னாள்.

"வாஸ்தவம்தான்," என்றார் ஜோசியர், இதுவரை கேள்விப்பட்டிராததை. "அக்னிக்கு எதிரே காலம் நிக்கப்படாது. கூடத்துல கிழக்கே ஒல்லியானதையே வைங்கோ."

கெங்கம்மாவுக்கு மூச்சு வந்தது. ஜோசியர் முடிக்கவில்லை.

"இன்னொண்ணு. பெண்டுலம் ஆடற ஆத்துல பகல்ல யாரும் படுக்கப்படாது. தரித்திரம்."

"ஐயோ, சாப்பிட்டா இவருக்குக் கண்ணைச் சொக்குமே!"

"கட்டில்லதானே படுக்கறார்? தோஷமில்லே. வெறுந்தரைலதான் ஆகாது."

"அப்போ எனக்கும் ஒரு கட்டில் வாங்கிப் போடும்மா," என்றாள் கெங்கம்மா.

கடையே சிரித்தது. மாளவிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போக்கிரி!" என்றாள். கெங்கம்மா சிரிக்கவில்லை என்பதை யாரும் பார்க்கவில்லை.

கடிகாரம் வந்து சேர்ந்த மறுநாள் மதியம், படுக்கையறையிலிருந்து பத்ரிநாராயணனின் குறட்டை கேட்டது. நடையை ஈரத்துணியால் துடைத்த கெங்கம்மா, அது காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படியிறங்கினாள். கீழே, கார்களுக்கு நடுவே வாட்ச்மேன் முருகையன் அட்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா, இந்த நேரத்துல இங்க?"

"மேல நான் படுத்தா அவங்களுக்குத் தரித்திரம் வருதாம். கொஞ்சம் நவுந்து ஒக்காரு நைனா, முதுகு வுட்டுப்போச்சு."