அம்மாவின் பிறந்தநாளும் என் சுளுக்கும்

என் அப்பாவுக்கு நெல்லைப் பற்றி எல்லாம் தெரியும். வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் கட்டுவது என்று எங்கள் ஊர் வட்டக்கச்சியில் பத்துப் பேர் அவரிடம் வந்து கேட்பார்கள். உப்புப் போத்தல் எங்கே என்று கேட்டால் மட்டும் அம்மாவைக் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் குசினிக்குள் புகுந்து அடுப்பு மூட்டினார். அதற்கு முழுக் காரணமும் கனடாவில் இருந்த என் மாமாதான்.

மாமா அம்மாவின் தம்பி. அது தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம். கடிதம் ஒன்று எங்கள் பக்கம் வந்து சேர மூன்று மாதமும் ஆகும், வராமலும் போகும். அப்படித் தப்பி வந்த கடிதமொன்றில், மனைவியின் பிறந்தநாளுக்குத் தானே கேக் செய்த கதையை மாமா இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். கடைசியில் ஒரு வரி: "அக்காவின்ர பிறந்தநாளுக்கு அத்தான் என்ன செய்யிறவர்?"

அத்தான் ஒன்றும் செய்கிறவர் இல்லை. அம்மாவுக்குப் பிறந்தநாள் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு நாலைந்து நாள் அவர் முகம் சரியில்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இண்டைக்கு அம்மாவின்ர பிறந்தநாள். நானும் தம்பியும் கேக் அடிக்கப்போறம். அம்மா உடுப்புத் தோய்க்கப் போகேக்க நீயும் போ. நாலு மணி மட்டும் வீட்டுப்பக்கம் வரவிடாதை."

"நான் என்னெண்டப்பா மறிக்கிறது?"

"நீ கெட்டிக்காரி. ஏதும் செய்."

கெட்டிக்காரியாம்! வேலை தலையில் விழும்போது மட்டும் இந்தப் பட்டம் எனக்குக் கிடைக்கும். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. சட்டி வழித்து நக்குகிற உத்தியோகம் அவனுக்கு. அம்மாவை மறிக்கிற உத்தியோகம் எனக்கு. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஊத்தை உடுப்பையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வாய்க்காலுக்குப் போவார். பொருளாதாரத் தடையால் சவுக்காரக் கட்டி கிடையாத காலம். பனங்காயைப் பிழிந்துதான் தோய்த்தோம். நான் மெல்ல மெல்ல அலசினேன். ஒரு சட்டையை மூன்று தரம் அலசினேன். என்ன செய்து என்ன, அம்மாவின் கைக்கு அவசரம் தெரியுமே தவிர ஆறுதல் தெரியாது. இரண்டரைக்கே எல்லாம் முடித்து மூட்டையைத் தூக்கிவிட்டார்.

வேறு வழி தோன்றவில்லை. வாய்க்கால் கரையில் ஏறும்போது "ஐயோ!" என்று காலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன்.

"என்னடி, என்ன நடந்தது?"

"சுளுக்கிட்டுதம்மா. நடக்கேலாது."

அம்மா மூட்டையை இறக்கிவிட்டு என் இடது காலை மடியில் தூக்கி வைத்து உருவினார். வீங்கவில்லையே என்றார். நான் இன்னும் கொஞ்சம் முனகினேன். சரி, நோவு குறையும் வரைக்கும் இருப்போம் என்று மருதமர நிழலில் தானும் இருந்தார். முதலில் வீட்டில் கிடக்கிற வேலைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்: மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், முற்றம் கூட்ட வேண்டும், இரவுக்குப் பிட்டுக்கு மா வறுக்க வேண்டும். சொல்லச் சொல்லக் குரல் இறங்கி, பிறகு நின்றுவிட்டது. கொண்டையை அவிழ்த்து விட்டார். கால்களைத் தண்ணீருக்குள் தொங்கப் போட்டார். மீன்குஞ்சுகள் வந்து கடிக்க, கூசிச் சிரித்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பசி வேறு. இந்த மனுசி ஏன் இப்படிச் சும்மா இருக்கிறா, எப்போது நாலு மணியாகும், எப்போது கேக் தின்பது என்றே புத்தி ஓடியது. மாடுகள் கரையால் திரும்பத் தொடங்கியபோது, "குறைஞ்சிட்டுதம்மா, போவம்" என்று நானே எழுந்தேன். அம்மா உடனே எழும்பவில்லை.

நொண்டி நொண்டி நடந்தேன். பாதி வழியில் அம்மா கேட்டார்: "எந்தக் கால் பிள்ளை சுளுக்கினது?"

"இது" என்று வலது காலைக் காட்டினேன்.

"ம்" என்றார்.

வீட்டுக்குள் காலை வைத்தால், கடவுளே! குசினியெல்லாம் புகை. முற்றத்தில் அடைக்கோழி கொக்கரித்துக்கொண்டு ஓடுகிறது. அப்பா தலை முழுக்கச் சாம்பலோடு நிற்கிறார். அவர் வாய் திறக்கும் முன் தம்பி கத்தினான்:

"அம்மா, அப்பா அடைமுட்டையை உடைச்சுப்போட்டார்!"

குசினி மூலையில், பழைய ஓலைக் கடகத்துக்குள், இடி முழக்கத்துக்கு முட்டை பழுதாகாமல் கரித்துண்டும் இரும்பாணியும் போட்டு, பதின்மூன்று முட்டையை அம்மா அடை வைத்திருந்தார். இன்னும் மூன்று நாளில் பொரிக்க வேண்டியவை. கோழி இரை தின்ன இறங்கிய நேரம் அப்பா கடகத்தைக் கண்டிருக்கிறார். அம்மா எங்களுக்காகச் சேர்த்து வைத்த முட்டை என்று நினைத்தாராம். கரியையும் ஆணியையும் பார்த்துமா? அதைத்தான் நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

"நான் சொன்னனான், அப்பா கேக்கேல்லை" என்றான் தம்பி. "ரெண்டாவதுக்குள்ள சொண்டு இருந்தது!"

அப்படியும் அப்பா விடவில்லை. விருந்தாளிகளுக்கென்று ஒளித்து வைத்திருந்த சீனி முழுவதையும் கொட்டி, முட்டையே இல்லாமல் அடித்து, மணல் போட்ட சட்டிக்குள் வைத்து, மூடிமேல் தணல் போட்டு வேகவைத்திருந்தார். மேலே கரி, அடியில் பச்சை மா. அதை வாழையிலையில் வைத்து, மெழுகுதிரிக்குப் பதிலாகப் பக்கத்தில் ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தினார்.

"ஊதுமன்" என்றார் அம்மாவிடம்.

"விளக்கை ஆரும் ஊதி நூர்க்கிறதே? திரும்பக் கொளுத்த நெருப்புப்பெட்டி எங்க கிடக்கு?"

அம்மா கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடி?"

"ஓம், நல்லாயிருக்கு. கோழிக்கும் ஒரு துண்டு குடுங்கோ."

பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குசினியைக் கூட்டத் தொடங்கினார். பிறந்தநாள்காரி சட்டி சுரண்டி முடிக்க இருட்டிவிட்டது. கோழி அந்தக் கடகத்தில் மறுபடி ஏறவே இல்லை. அப்பாவோ, மாமாவுக்குப் பதில் எழுதக் கடதாசி தேடினார்.

அடுத்த ஆவணியில் கடிதம் எதுவும் வரவில்லை, அப்பா பிறந்தநாளை மறந்துபோனார். நானும்தான். விறாந்தையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா உடுப்பு மூட்டையோடு படலையடியில் நின்றார்.

"பிள்ளை, வாய்க்காலுக்கு வாறியோ?"

"எனக்குப் படிக்கக் கிடக்கம்மா."

போய்விடுவார் என்று பார்த்தால், நின்றுகொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"இண்டைக்கு உனக்குக் கால் சுளுக்காதோ?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருடம் மனதில் வைத்திருந்து குத்திக்காட்டுகிறாரே என்று கோபம் கோபமாக வந்தது.

"நான் இப்ப பொய் சொல்லுறேல்லை" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அம்மா சிரித்துவிட்டுத் தனியாகப் போனார். இரண்டரைக்கு முன்பே திரும்பி வந்து, உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். நான், பொய் சொல்லாத பிள்ளை என்ற பெருமையோடு பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.