என் படைக்கு வந்து சேர்ந்த தூக்கிகள்

முதலில் என் படையில் சண்டை போடுபவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். முன்வரிசையில் ஈட்டிக்காரர்கள். அவர்களை மறைத்துக்கொண்டு கேடயக்காரர்கள். பின்னால் வில்லாளிகள். பக்கவாட்டில் யாளி மேல் ஏறி வருபவர்கள். ஒரே பாய்ச்சலில் நான்கு கட்டம் தாண்டுவார்கள். மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டிப்போய் எதிரியின் நடுவில் முளைப்பவர்கள் உண்டு. தீப்பாடகிகள் என்று மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர்கள் வாயைத் திறந்து பாடினால் எதிரே உள்ள புல் பற்றிக்கொள்ளும்.

இவர்களை எல்லாம் நான் வரைந்தது அமைச்சகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், உபயோகமில்லாமல் போன பிரிண்ட்-அவுட்டுகளின் பின்பக்கத்தில். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கோப்புகளை நகர்த்துவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்ற எண்ணம் என்னை அரித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு போர் விளையாட்டு உண்டாக்க வேண்டும், அதை யாராவது அச்சிட வேண்டும், பெட்டி மேல் என் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சார்ட் பேப்பரில் கட்டம் போட்டேன். வீரர்களைச் சீட்டுகளாக வெட்டினேன். எதிரே உட்கார்ந்து விளையாட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அவள் வந்தாள். புசா ரோட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நர்ஸ் ஆகி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை பார்த்தாள். பிறந்தது முதல் டில்லிதான் என்றாலும், பேசினால் பாளையங்கோட்டையிலிருந்து நேற்று ரயிலேறி வந்தவள் போலிருக்கும். வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிய தமிழ் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து, நேராக எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவாள். என் கணவர் பேப்பர் படித்தபடியே தூங்கிப்போக, நாங்கள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் போரைத் தொடங்குவோம்.

விளையாட்டில் ஒரு குறை இருந்தது. இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். யார் முதலில் யாளிகளை விட்டு அடிக்கிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள். விழுந்த சீட்டுகளை நான் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"ஏட்டி, விழுந்தவனையெல்லாம் நீ பாட்டுக்குப் பெட்டிக்குள்ள போடுதியே, அவன் செத்துட்டான்னு யாரு சொன்னா ஒனக்கு?"

"வெட்டுப்பட்டவன் செத்துட்டான். அதான் ரூல்."

"எங்க வார்டுக்கு வந்து பாரு. விழுந்து வாரவன்ல முக்காவாசிப் பேரு நடந்து வீட்டுக்குப் போவுதான். நேரத்துக்கு எவனாவது தூக்கிட்டு வரணும், அம்புட்டுத்தான்."

"அது ஆஸ்பத்திரிடி. இது போர்க்களம்."

"போர்க்களத்துலயும் எவனாவது தூக்கணும்லா?"

நான் சிரித்தேன். வாளும் நெருப்பும் இருக்கும் விளையாட்டில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவனை யார் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டைப் பெட்டியை எடுத்துக் கிழித்து, பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு குச்சி மனிதர்களை வரைந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகை. கையில் ஆயுதம் எதுவும் கிடையாது.

"தூக்கிகள்" என்றாள்.

"லிஃப்ட் மாதிரி இருக்கு பேர்."

"இருந்துட்டுப் போட்டும்."

வரைந்துகொண்டே அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அவர் இறந்துபோயிருந்தார்; அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். ஆனால் எப்படி என்பது எனக்கு அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. காய்கறி வாங்கப் போனவர் சாலையோரத்தில் விழுந்திருக்கிறார். சுற்றி முப்பது நாற்பது பேர் நின்றிருக்கிறார்கள். யாரோ தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்கிறார்கள். ஆனால் பத்தடி தூரத்தில் இருந்த ஆட்டோவில் அவரைத் தூக்கிப் போட யாரும் குனியவில்லை. போலீஸ் கேஸாகிவிடும் என்று பயம். அரைமணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறார்.

"ரெண்டு பேரு போதும்ட்டி. அப்பா அம்புட்டு கனமெல்லாம் இல்ல" என்றாள். பிறகு விதியைச் சொல்லத் தொடங்கினாள்.

தூக்கிகள் ஒரு முறைக்கு ஒரு கட்டம்தான் நகர முடியும். விழுந்த வீரனின் கட்டத்துக்குப் போய், அவனைப் பின்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டால் அவன் மறுபடி எழுந்து சண்டைக்கு வருவான். வழியில் எதிரி அவர்களைத் தாராளமாக அடிக்கலாம். திருப்பி அடிக்க அவர்களால் முடியாது.

அன்று மூன்று ஆட்டம் ஆடினோம். அந்த ஒரு சீட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. யாளிகளை முன்னால் அனுப்புவதை விட்டுவிட்டு, கேடயக்காரர்களைத் தூக்கிகளுக்கு இரண்டு பக்கமும் நடத்திக்கொண்டு போனேன். விழுந்துகிடந்த ஒரே ஒரு வில்லாளிக்காக ஏழு சீட்டுகளை ஆபத்தில் வைத்தேன். ஆட்டம் ஒன்றரை மணி நேரம் நீண்டது. கடைசியில் என் தூக்கிகள் பின்வரிசையைத் தொட்டபோது நான் கைதட்டியதில் கணவர் விழித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம், போர்டு கேம்கள் வெளியிடும் ஒரு சின்ன கம்பெனிக்காரர், புது விளையாட்டுகளைப் பார்ப்பதற்காக ஒரு காபிக் கடையில் உட்காருகிறார் என்று தெரிந்து பெயர் கொடுத்தேன். அவளும் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கம்பெனிக்காரர் இளைஞர், கொஞ்சம் களைத்திருந்தார். அன்று எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து விளையாட்டுகளைப் பார்த்திருப்பார். தீப்பாடகிகளைப் பார்த்து "அச்சா" என்றார். யாளியைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். தூக்கிகளை எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். விதியை இரண்டு தரம் கேட்டார். விளையாடினார், தோற்றார், மறுபடி விளையாடினார். பிறகு அந்தச் சீட்டை விரலால் தட்டிக் கேட்டார்.

"யே ஐடியா கிஸ்கா ஹை?"

இது யாருடைய யோசனை? அவள் எனக்கு வலது பக்கத்தில், முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மேரா" என்றேன். என்னுடையது.

ஹமாரா, எங்களுடையது, என்று சொல்லியிருக்கலாம். ஓரெழுத்துதான் கூட. அவளுடையது என்று சொல்வதுதான் உண்மை. திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் அடுத்த கேள்வி கேட்டபோது யோசிக்க எனக்கு நேரமிருந்தது. எப்படித் தோன்றியது என்று கேட்டார். நான் ஒரு வாய் காபி குடித்தேன். கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன்: "ஒருநாள் ஒரு பெரியவர் சாலையோரத்தில் விழுந்து கிடந்ததைப் பார்த்தேன். சுற்றி அவ்வளவு பேர் நின்றார்கள். தூக்க ஒருவரும் வரவில்லை. அது மனதிலேயே தங்கிவிட்டது."

அவள் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவர் தன் கார்டை என்னிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மெட்ரோவில் திரும்பும்போது அவளே பேச்சை எடுப்பாள் என்று காத்திருந்தேன். திட்டுவாள், நான் மன்னிப்புக் கேட்பேன், நாளைக்கே அவருக்கு மெயில் போட்டுவிடலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவள் ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த மேட்ரனைப் பற்றிப் பேசினாள். ஐ.என்.ஏ. ஸ்டேஷன் வந்ததும், "எறங்குட்டி, ஒன் ஸ்டேஷன்" என்றாள். இறங்கினேன். அன்று இரவே மெயில் எழுதியிருக்கலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு டியூட்டி விழுந்தது. முதலில் ஒரு வாரம், பிறகு மாதத்தில் மூன்று வாரம். நானும் வற்புறுத்தவில்லை. அவள் எதிரே உட்காராமல் இருந்தது எனக்கு ஒருவிதத்தில் சௌகரியமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டி அச்சாகி வந்தது. மூடியின் மேல் என் பெயர், நான் ஆசைப்பட்ட மாதிரியே. ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தாள், இன்னும் யூனிஃபார்ம் மாற்றவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். திருப்பினாள். பின்பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் ஆங்கிலத்தில் நாலு வரி போட்டிருந்தார்கள்: இந்த விளையாட்டு பிறந்த கதை. டில்லிச் சாலையில் விழுந்து கிடந்த முன்பின் தெரியாத ஒரு முதியவர், அவரைப் பார்த்து நின்ற ஒரு பெண்.

அது அங்கே அச்சாகப் போகிறது என்று எனக்குத் தெரியும். சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்திவிட்டு அனுப்பினேன்.

அவள் நாலு வரியையும் படித்தாள். படிக்கத் தேவையான நேரத்தைவிட அதிக நேரம் பெட்டியைக் கையில் வைத்திருந்தாள். உள்ளேயிருந்து அவள் அம்மா, யார் வந்திருக்கிறார்கள் என்று குரல் கொடுத்தார். அவள் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில், அம்மாவுக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

"படம் நல்லா வந்துருக்கு. சாயா போடட்டா?" என்றாள்.

குடித்தேன். வேறு என்னென்னவோ பேசினேன். கிளம்பினேன்.

அதற்கடுத்த வருஷம் அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. முதலில் அவள் போனாள், பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டாள். புறப்படுகிற விஷயத்தை வாட்ஸ்அப்பில்தான் சொன்னாள், எல்லோருக்கும் போட்ட அதே செய்தி. நான் பூங்கொத்துப் படம் அனுப்பினேன்.

போன வருஷம்தான் அவளைக் கூப்பிட்டேன். என் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார்; நானும் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் காரில் ஏற்றினோம். ஒன்றுமில்லை, சின்ன அடிதான், மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அவள் சொன்ன மாதிரியே, தூக்க இரண்டு பேர் போதுமாக இருந்தது. மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன். அங்கே காலை நேரம், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாமனார் விழுந்ததைச் சொன்னேன். பிறகு சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்: அந்தச் சீட்டு உன்னுடையது, நான் என்னுடையது என்றேன், தப்பு, மன்னித்துவிடு. கம்பெனிக்கு எழுதி அடுத்த பதிப்பில் உன் பெயரைப் போடச் சொல்கிறேன்.

மறுமுனையில் சாவி கிலுங்கும் சத்தம் கேட்டது.

"பேரு போடாததுக்கு எனக்கு வருத்தம் இல்லட்டி" என்றாள். "நீ கேட்டிருந்தா நானே வச்சுக்கன்னு சொல்லியிருப்பேன். எங்க அப்பாவை யாரோ ஒரு பெரியவர்னுட்டியே. ஒனக்கு அப்பாவைத் தெரியும்லா? எத்தனை தடவை ஒன்னைய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டுருக்காவ."

தெரியும். மழை நாட்களில் பஸ் வராதபோது எங்கள் இருவரின் பையையும் அவர்தான் தோளில் போட்டுக்கொண்டு வருவார். அவர் விழுந்தபோது அவர் பெயர் தெரியாத கூட்டம் சுற்றி நின்றது. நான் பெயர் தெரிந்தும் சொல்லவில்லை.

"அன்னைக்கு மெட்ரோலயே நீ என்னைய ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்" என்றேன். சொன்ன பிறகுதான், இதையும் அவள் தலையில் கட்டுகிறேன் என்று உறைத்தது.

"நீ சொல்லுவேன்னு பார்த்துட்டிருந்தேன். பஸ் வந்துட்டு, வைக்கட்டா? மாமாவைப் பார்த்துக்க."

கம்பெனிக்கு அன்றே எழுதினேன். அவள் பெயரையும் அவள் அப்பாவின் பெயரையும், நடந்ததையும் ஒளிக்காமல் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த பதிப்பு வந்தால் கட்டாயம் மாற்றுகிறோம், ஆனால் முதல் பதிப்பே இன்னும் கோடவுனில் பாதி கிடக்கிறது, அடுத்தது வர வாய்ப்பில்லை என்று.

அந்தப் பதிலை அவளுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக்குகள் விழுந்தன. சாயங்காலம் ஒரு வரி வந்தது: "சரிட்டி. லீவு கிடைச்சா டிசம்பர்ல வருவோம்னு அம்மா சொல்லுதாவ."

டிசம்பரில் அவர்கள் வந்தார்கள். ஜங்புராவில் சொந்தக்காரர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்துவிட்டுப் போனதை வேறொரு பள்ளித் தோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.