மடியில் நிற்காத கீபோர்டு

அந்தக் கடையில் அவருக்குத் தீர்ப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. யாராவது இரண்டு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தால், மற்ற விற்பனையாளர்கள் "தீர்ப்புகிட்ட கேளுங்க" என்று தள்ளிவிடுவார்கள். அவரும் கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். மின்விசிறி விற்ற காலத்தில் மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி விற்ற காலத்தில் இஸ்திரிப்பெட்டி, இப்போது டேப்லெட். இருபத்தாறு வருடம் வாயை வைத்தே பிழைத்த மனிதர். தெரியாது என்று சொல்ல சில ஆண்களுக்கு நாக்கு புரளாது. அந்த வரிசையில் இவருக்கு முதல் இடம் கொடுக்கலாம்.

வீட்டில் கதை வேறு. ஒரு வாளி வாங்கக்கூட மனைவி முகத்தைப் பார்ப்பார்.

"ஊருக்கெல்லாம் சொல்றீங்க. இந்த வாளியில எதுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"வாளியில எனக்கு அனுபவம் இல்ல."

"கீபோர்டுல மட்டும் இருக்கோ? நீங்க ஒத்த விரலால மகளுக்கு ஒரு மெசேஜ் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள அவ தூங்கி எந்திரிச்சிடறா."

சிரித்துக்கொள்வார். அவள் சொன்னது பொய்யில்லை என்பதால் வேறென்ன செய்வது.

இப்போதெல்லாம் டேப்லெட்டோடு ஒரு கீபோர்டு உறை வருகிறதே, அதுதான் இவருடைய பெரிய வியாபாரம். மெல்லிய அட்டை மாதிரி இருக்கும். ஓரத்தில் காந்தம். டேப்லெட் அதைக் கவ்விக்கொள்ளும், பின்னால் ஒரு கால் விரித்து நிற்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். "மூடினா உறை, திறந்தா கீபோர்டு, கழட்டினா சிலேட்டு" என்று ஆரம்பிப்பார். மாணவன் வந்தால் "பையில இருக்கறதே தெரியாது தம்பி". அலுவலகத்துக்காரர் வந்தால் "இனிமே லேப்டாப்ப யார் சார் தூக்கிட்டு அலையிறது". மேசையில வைக்கலாம், மடியில வைக்கலாம், படுக்கையில வைக்கலாம். எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தவர் மாதிரிச் சொல்வார். ஒரு நாளும் ஓர் இடத்திலும் வைத்துப் பார்த்ததில்லை.

கடையில் தட்டிப் பார்க்க ஒன்று மேசைமேல் இருந்தது. வருகிறவர்கள் பிடித்து இழுத்ததில், அது இரண்டு முறை கீழே விழுந்து கண்ணாடி கீறிவிட்டது.

"இன்னொரு தரம் விழுந்துச்சுன்னா அது நின்ன எடத்துல உன்ன நிறுத்தி வெச்சுடுவேன்" என்றார் முதலாளி.

அன்றே தீர்ப்பு இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வெட்டி, கீபோர்டுக்கு அடியில் நாலு துண்டும் பின்காலுக்கு அடியில் ஒரு துண்டும் ஒட்டி, மேசையோடு அழுத்திவிட்டார். விழக்கூடாது என்றுதான் செய்தார். அதுவரை அவர்மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் நாலு நாளில் ஒன்று கவனித்தார். தட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் "அட, அசையவே இல்லையே" என்றார்கள். சொன்ன கையோடு வாங்கிப் போனார்கள். அது அசையாதது ஏன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் திறக்கிற வாய்.

ஒரு நாள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். வந்தவள் கீபோர்டில் கை வைத்ததும் தீர்ப்பே பேச்சை நிறுத்திவிட்டார். பத்து விரலும் மழை மாதிரி விழுந்தன.

"டைப் பண்ற வேலைங்களா?"

"இல்லண்ணா. என் தம்பிக்குக் காது கேக்காது. அவன்கூட போயி, எதிர்ல இருக்கவங்க பேசறத நான் அடிப்பேன், அவன் திரையைப் பாத்துப் படிச்சுட்டு பதில் சொல்லுவான். பாதி எடத்துல மேசை இருக்காது. நாற்காலியில உக்காந்து மடியிலதான் வெச்சுக்கணும். மடியில நிக்குமா?"

"கல்லு மாதிரி நிக்கும்மா. நீங்களே பாக்கறீங்கல்ல?"

அவள் பார்த்தாள். மேசை பிடித்துக்கொண்டிருந்ததை, கீபோர்டு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு வாங்கிப் போனாள்.

எட்டாம் நாள் மறுபடி வந்தாள். கூட அவள் தம்பி. முப்பது வயதிருக்கும், ஒல்லியாக, எதையும் உற்றுப் பார்க்கிற கண். கத்தப்போகிறாள் என்று தீர்ப்பு நினைத்தார். கத்தியிருந்தால் பிழைத்திருப்பார். கத்துகிறவர்களுக்கு அவரிடம் பதில் இருந்தது.

அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அண்ணா, எனக்குத்தான் சரியா உக்காரத் தெரியல போல. கொஞ்சம் காட்டிக் குடுக்கறீங்களா?"

"என்னாச்சும்மா?"

"இவனுக்கு இன்டர்வியூ. வரைபடம் போடற வேலை. மூணு பேரு எதிர்ல. நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன், கொஞ்சம் முட்டிய அசைச்சேன், டேப்லெட் தனியா கழண்டு தரையில போயி விழுந்துடுச்சு. நான் அதைப் பொறுக்கறேன், அவங்க ஏன் பழைய வேலைய விட்டீங்கன்னு கேக்கறாங்க. இவனுக்கு என்னன்னு தெரியல. ரொம்ப நன்றிங்கன்னு சொல்லிட்டான். மூணு பேரும் சிரிச்சுட்டாங்க." கையிலிருந்த பையின் வாரை முறுக்கினாள். "பாவப்பட்டு நாளைக்கு இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்காங்க. நாளைக்கும் நான் கெடுத்துடக் கூடாது. இங்க அடிச்சப்ப நல்லாத்தானே இருந்துச்சு. அப்ப என் மடியிலதானே கோளாறு?"

சொல்ல வேண்டிய வார்த்தை இரண்டே இரண்டு: ஒட்டி வெச்சிருக்கேன். அவர் தொண்டைவரை வந்தும் விட்டது. பக்கத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள், கல்லாவில் முதலாளி இருந்தார். தீர்ப்பு என்ன செய்தார் தெரியுமா? ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு உட்காரக் கற்றுக்கொடுத்தார்.

"முட்டிய ஒட்டி வைங்க. குதிகாலத் தூக்குங்க. ஆங், கொஞ்சம் முன்னாடி சாயுங்க."

அவள் சொன்னபடியெல்லாம் செய்தாள். டேப்லெட் பின்னால் சாய்ந்தது. "மன்னிச்சுக்கோங்கண்ணா" என்றாள். மறுபடி வைத்தாள். கீபோர்டு நடுவில் வில்லாக வளைந்தது. "இருங்க, இன்னொரு தரம்" என்றாள். குதிகாலைத் தூக்கித் தூக்கி அவள் கால் நடுங்கியது. நாற்பது வயதுப் பெண், நாலு பேர் பார்க்க, தப்பே செய்யாத முட்டியைத் திருத்திக்கொண்டிருந்தாள். தீர்ப்பு பக்கத்தில் நின்று "பழகிடும், பழகிடும்" என்றார். தன் குரலே அவருக்கு எவனோ பேசுவது மாதிரி இருந்தது.

தம்பிக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்காது. அவன் மேசைமேல் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு விரலால் தள்ளினான். நகரவில்லை. குனிந்து, ஓரத்துக்கு அடியில் நகத்தை விட்டான். நகத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அதை விரல்களுக்கிடையில் உருட்டினான். நிமிர்ந்து தீர்ப்பைப் பார்த்தான்.

பிறகு அந்தக் கீபோர்டிலேயே நிதானமாக அடித்துவிட்டு, அவர் படிக்க வாகாக விலகி நின்றான்.

"இது மேசையோட ஒட்டியிருக்கு. நான் சொன்னா அக்கா நம்பும். ஆனா நீங்க சொல்லுங்க."

அவனுக்குப் பேச வரும். பத்து வயதுக்கு மேல்தான் காது போனது. அவள் காதில் விழக்கூடாது என்றுதான் எழுதினான். தீர்ப்பு அந்த மூன்று வாக்கியத்தையும் படித்து முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். காது மடல் வரை சூடேறியது. அவர் வயதில் பாதி இருப்பவன், அவர் மானத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறான்.

தீர்ப்பு மேசைமேல் இருந்ததை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். டேப் கிழிகிற சத்தம் கல்லா வரை கேட்டது.

"எந்திரிங்கம்மா. உங்க மடியில ஒண்ணும் இல்ல. நான்தான் இதை ஒட்டி வெச்சிருந்தேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் கீபோர்டைத் திருப்பி நாலு வெள்ளைத் துண்டையும் காட்டினார்.

"மேசையில இது நல்லாத்தான் இருக்கும். மடியில நிக்காது. நிக்குமான்னு எனக்குத் தெரியாமலே நிக்கும்னு சொன்னேன். இப்ப தெரிஞ்சும் உங்கள உக்கார வெச்சேன்."

அவள் மெல்லக் குதிகாலைக் கீழே வைத்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது கோபமில்லை, நிம்மதி. "அப்ப நான் கெடுக்கல" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அதுதான் அவரைப் போட்டுத் தாக்கியது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

முதலாளி எழுந்து வந்தார். "என்னய்யா அது ஆடுது?"

"அது அப்படித்தான் ஆடும் முதலாளி. இவங்களுக்கு மாத்திக் குடுத்தாகணும்."

முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தலையசைத்தார்.

"மடியில வெக்கறதுக்கு, கீல் வெச்ச சாதாரண லேப்டாப்தான்மா சரி. என் அபிப்ராயத்துல..." என்று தீர்ப்பு தொடங்கினார்.

"உங்க அபிப்ராயம் போதும்" என்றாள் அவள். "அந்த முக்காலியை இந்தப் பக்கம் நகத்துங்க. இதைப் பிடிங்க."

தன் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கடையிலிருந்த லேப்டாப் ஒவ்வொன்றையும் தானே எடுத்து மடியில் வைத்தாள். வேண்டுமென்றே முட்டியை ஆட்டி ஆட்டி அடித்தாள். தம்பி ஒவ்வொன்றிலும் திரையைப் படித்துப் பார்த்தான். முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் தீர்ப்பு ஒரு பெண்ணின் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றார். அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கொஞ்சம் கனம்தான், ஆனால் அசையவில்லை. பையை வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்காமல் போனாள். தம்பி மட்டும் தலையை ஒரு முறை ஆட்டிவிட்டுப் போனான்.

சாயங்காலம் மேசையில் ஒட்டியிருந்த பசையைத் தீர்ப்பு நகத்தால் சுரண்டினார். ஐந்து கறுப்புத் தழும்பு மட்டும் போகவில்லை. அந்த முக்காலியை அவர் திரும்ப எடுத்து வைக்கவும் இல்லை. யாராவது கீபோர்டு உறையைப் பற்றிக் கேட்டால், "உக்காந்து மடியில வெச்சுப் பாருங்க, எனக்குத் தெரியாது" என்கிறார். விற்பனை குறைந்துவிட்டது. கடையில் இன்னும் தீர்ப்பு என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதெல்லாம் அவருக்குக் கழுத்து குறுகுகிறது.

அந்தத் தம்பிக்கு வேலை கிடைத்ததா என்று அவருக்குத் தெரியாது. பில்லில் அக்காளின் எண் இருக்கிறது. ஒரு நாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, போன் போட்டுக் கேட்கலாமா என்று யோசனை கேட்டார்.

"கேளுங்களேன். கிடைச்சிருந்தா சந்தோஷம்தானே."

"கிடைக்கலன்னா?"

அவர் எண்ணை ஒத்த விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். கடைசி எண்ணுக்கு முன்னால் நிறுத்தி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.