பர்த்தலமேயுவின் கைகள்

கரிக்கட்டியால் புனிதர்களை வரைவது எங்கள் அக்காவின் பிழைப்பு. விரல்கள் எப்போதும் கறுத்தே இருப்பதால் தெருவில் அவளுக்குக் 'கரிக்கை' என்று பெயர். எந்தப் புனிதர் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவளிடம் யார் பருப்பும் வேகாது. "சாவிய எடுத்துட்டா பேதுரு வெறும் தாடிக்காரர்" என்பாள்.

கையகலச் செபப் படங்களையே வரைந்து வந்தவளுக்குக் கோயில் பீடத்துக்கு ஆளுயரப் படம் வரையும் வாய்ப்பு வந்தது. செலவு தோல் தொழிற்சாலை முதலாளியுடையது. தோல் பதனிடுவோரின் பாதுகாவலர் பர்த்தலமேயு, உயிரோடு தோலுரிக்கப்பட்டவர். அதனால் ஒரு கையில் கத்தியும் மறுகையில் தன் தோலுமாகத்தான் நிற்பார். முதலாளிக்கு ஒரே ஒரு சின்ன ஆசை: புனிதருக்குத் தன் முகம் வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அலட்டிக்கொள்ளாமல், "குடுத்துட்டாப் போச்சு" என்றாள்.

கொடுத்தாள், மூக்கோரத்து மருவோடு. ஆனால் கைகள் அவள் கணவருடையவை. அத்தான் அதே தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் அலசுகிறவர். நகம் தேய்ந்து, வெடித்துப்போன கைகள்.

நானும் அத்தானும் படத்தைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம், அக்காவும் கூட வந்தாள். முகத்தைப் பார்த்துப் பூரித்த முதலாளி, பார்வை கீழே இறங்கியதும் சுருங்கினார்.

"கை என்ன இப்படிப் புண்ணாக் கிடக்கு? வழவழன்னு ஆக்கிடும்மா."

"முகம் கேட்டீங்க, குடுத்தேன். கை என் வீட்டுக்காரரோடது. மாத்த மாட்டேன்."

பங்குச் சாமியார் கனைத்தார். "கொஞ்சம் விட்டுக்குடும்மா."

"முகத்தத்தான் விட்டுக்குடுத்துட்டேனே சாமி."

முதலாளி அத்தான் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்பா. நாளைக்கு வேலைக்கு வரணும்ல?"

முதலாளி முன்னால் அத்தான் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. 'மாத்திடு' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா உடைந்தே போயிருப்பாள். அவரோ இரண்டு கைகளையும் முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"முதல்ல இத மாத்துங்க ஐயா. அப்புறம் அவ படத்துல மாத்துவா."

படத்தைத் தள்ளினால் தன் முகத்தையும் சேர்த்துத் தள்ள வேண்டும். அதற்கு முதலாளிக்கு மனசு வரவில்லை. கண்ணாடி போட்டுப் படம் பீடமேறியது, அத்தானுக்கு வேலை போனது. போகும் என்று தெரிந்துதான் மூன்று பேரும் நின்றோம். இப்போது முகம் உயரத்தில் இருக்கிறது, யாருக்கும் எட்டாது. முழங்காலிட்டு எழுகிறவர்கள் தொட்டுக் கும்பிட்டுப் போவது அத்தானின் கைகளைத்தான்.