சண்முகவள்ளி ஊற்றிய பேட்டரித் தண்ணீர்

திருப்புல்லாணி கோயில் வாசலில் பேட்டரி ஆட்டோ ஓட்டும் பூமிநாதன் வீட்டில் மொத்தம் மூன்று பேர்: அவர், மனைவி சண்முகவள்ளி, பிறகு ஆட்டோ சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரி. இதில் ராஜ உபசாரம் பேட்டரிக்குத்தான். ஊரே உப்புத்தண்ணீரில் வாய் கொப்பளிக்க, அதற்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர் கேனில் வரும். வாரந்தோறும் மூடிகளைத் திருகி, அறை அறையாக ஊற்றி, மேலே திருநீறு பூசுவது வள்ளியின் இலாகா.

"எனக்கு மேலுக்கு முடியாட்டி ஒரு சோடா வாங்கித் தந்திருக்கீகளா? இதுக்கு மட்டும் சீமைத் தண்ணி."

"நீ ஆட்டோ இழுப்பியா?" என்பார் பூமிநாதன். அவருக்குத் தெரிந்த அதிகபட்சக் காதல் வசனம் அது.

பங்குனியில் வள்ளி காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்ததும் பூமிநாதன் ஒரு சட்டம் போட்டார்: பேட்டரி மூடியை எவரும் திறக்கக் கூடாது. அவள் கடைசியாக ஊற்றிய தண்ணீர் உள்ளே இருக்கிறது. அதில் இன்னொரு கை ஊற்றிக் கலப்பதாவது. சார்ஜ் மட்டும் தவறாமல் போட்டார். அப்போது உள்ளே மெல்ல நுரைக்கிற சத்தம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆடியில் வண்டி நின்றது. பேட்டரிக் கடை ஹாஜா முகைதீன் மூடியைத் திருகிப் பார்த்தார்.

"அண்ணே, சொட்டு இல்லையே. பிளேட்டெல்லாம் வெளுத்துக் கெடக்கு."

"வள்ளி ஊத்துன தண்ணி உள்ளதான பாய் இருந்துச்சு. நான் தொறக்கவே இல்ல. யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கலண்ணே. சார்ஜ் போடப் போட நுரைச்சு, ஆவியாப் போயிரும். அதுக்குத்தான வாராவாரம் ஊத்துறது."

"அப்ப நாந்தான்..."

ஹாஜா, துக்கம் விசாரிக்கத் தெரியாத கடைக்காரர்களின் மரபுப்படி, சரக்கை விளக்க ஆரம்பித்தார்.

"இதே ஈய பேட்டரி தரவா, லித்தியம் தரவா? ஈயத்துக்கு வாராவாரம் தண்ணி, தெனம் முழுச் சார்ஜ், முனையில வாசலின். லித்தியத்துக்கு மூடியே கெடையாது. வெயில்ல வேக விடாம இருந்தாப் போதும். சார்ஜர் மட்டும் மாத்தணும்."

"மூடி இல்லாததையே குடுங்க. தண்ணி ஊத்துற வேலைய என்னை நம்பிக் குடுக்கக் கூடாது பாய்."

புதியது ஏறியது. பூமிநாதன் சீட்டைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

"இதுக்கு வாரத்துல ஒருக்கா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாண்ணே."

"சும்மா தொறந்து பாக்கவாச்சும்?"

"வேணாண்ணே."